நீல ஸ்வெட்டரும் நம் சாயப்பட்டறையும்

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும்தான் மனசு நிம்மதியாச்சு. வலிக்குது என்று சொல்லி பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடப் போகிறார், பார்த்துக்கொள். இங்கே பெங்களூரு அல்சூரில் எல்லோரும் நலம். பெரியவள் நிஃப்டில், அந்த ஃபேஷன் கல்லூரியில், இரண்டாம் வருஷம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் தையல் மிஷின் ஓடுகிறது.

அவள் போட்டுக் காட்டிய ஒரு படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘தி டெவில் வேர்ஸ் பிராடா’. 2006இல் வந்தது. அப்போது நாம் இரண்டு பேருமே கைக்குழந்தையும் ஷிப்மென்ட்டுமாக அல்லாடிக்கொண்டிருந்தோம், சினிமாவுக்கு ஏது நேரம்? படம் பிடித்துப்போய், லாரன் வைஸ்பெர்கர் 2003இல் எழுதிய மூல நாவலையும் சர்ச் ஸ்ட்ரீட்டில் தேடி வாங்கிப் படித்தேன். அவர் வோக் ஃபேஷன் பத்திரிகையில் அப்போதைய ஆசிரியர் அன்னா வின்டூருக்கு உதவியாளராக இருந்தவர். நாவல் வேகமாகத்தான் போகிறது. ஒரு ஃபேஷன் பத்திரிகை ஆசிரியர் மிராண்டா, அவளிடம் உதவியாளராகச் சேரும் ஆண்ட்ரியா, இவர்கள்தான் கதை. ஆனால் ஆண்ட்ரியா சொல்லச் சொல்ல, மிராண்டா முதலிலிருந்து கடைசி வரை கொடுமைக்காரி, அவ்வளவுதான். அவளுக்கு இந்த வேலையில் என்ன தெரியும், இத்தனை வருஷம் எப்படி நிலைத்து நின்றாள் என்று யோசிக்கவே நாவல் இடம் கொடுக்கவில்லை. பாரிஸில் அவளை நேருக்கு நேர் திட்டிவிட்டு ஆண்ட்ரியா வேலையை இழக்கிறாள், கணக்கு தீர்ந்தது.

படத்தில் மிராண்டாவாக வரும் மெரில் ஸ்ட்ரீப் ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்துவதில்லை. மெல்லப் பேசுகிறார், மற்றவர்கள் கைகால் நடுங்குகிறார்கள். பாரிஸ் ஹோட்டல் அறையில் மேக்கப் இல்லாத முகம், சிவந்த கண்கள். விருந்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று பேசிக்கொண்டே புருஷன் விவாகரத்து கேட்கிறான் என்பதையும் சொல்கிறாள். ‘நான் ஏதாவது செய்யட்டுமா’ என்று ஆண்ட்ரியா கேட்டால், ‘உன் வேலையைச் செய்’ என்று பதில் வருகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் எது நடந்தாலும் மறுநாள் எட்டரைக்குத் தையல் லைனில் போய் நின்ற பெண்களை நாம் பார்த்திருக்கிறோம் இல்லையா?

அப்புறம் அந்த நீல ஸ்வெட்டர் காட்சி. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெல்ட்டைப் பார்த்து ஆண்ட்ரியா சிரித்துவிடுகிறாள். நீ போட்டிருக்கிற இந்த நீலம் எந்த டிசைனரிடம் தொடங்கி, எந்தக் கடைகள் வழியாக இறங்கி, கடைசியில் தள்ளுபடித் தொட்டியில் உன் கைக்கு வந்தது தெரியுமா என்று மிராண்டா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். நாவலில் இந்தப் பேச்சே கிடையாது. திரைக்கதை எழுதிய அலின் பிரோஷ் மெக்கென்னாவின் சேர்க்கை. எடுத்துக்கொண்ட தொழிலை மதிக்க வேண்டும் என்று படக்குழு முடிவு செய்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் படம் நாவலைத் தாண்டி நிற்கிறது.

ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம். அந்த நீலத்துக்குப் பின்னால் கணக்கில்லாத வேலைகள் இருக்கின்றன என்று மிராண்டா ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அந்த வேலைகளில் ஒன்று உன்னுடையது. டர்காய்ஸ் நீலம் என்றாலே உங்கள் சாய லேப்பில் எல்லோருக்கும் தலைவலி. பருத்தித் துணிக்குப் போடும் மற்ற ரியாக்டிவ் சாயம் அறுபது டிகிரியில் ஏறும், இது எண்பது கேட்கும், அப்போதும் சீராகப் பிடிக்காது. ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துண்டுகள், போட்டு அனுப்புவாய். பல வெளிச்சங்களில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்தில் பொருந்தும், கடை வெளிச்சத்தில் பச்சை அடிக்கும், துணி வாங்கும் பையர் திருப்பி அனுப்புவார். நான் இங்கே பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் உட்கார்ந்து, அப்ரூவல் வரவில்லையே, கட்டிங் நிற்கிறதே என்று உனக்கு போன் மேல் போன் போடுவேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது உங்கள் தெருவே அடங்கிப்போனது. அந்தத் தீர்ப்பு சரிதான், சாயக்கழிவு கலந்து நொய்யல் ஆறு அத்தனை நாள் எந்த நிறத்தில் ஓடியது என்று உனக்குத் தெரியாததா? ஒரு நிறத்தின் கதை என்றால் அந்த ஆறும் அதில் வர வேண்டும்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, அடுத்த செமஸ்டர் லீவில் உன் லேப்பில் பத்து நாள் இருக்கட்டுமா என்கிறாள். சாயக்கறை பட்ட கையோடு அவள் திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை. உன் முதலாளி சம்மதிப்பாரா, கேட்டுச் சொல். நாவலை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் நீ படத்தைப் பார்த்துவிடு. பெல்ட் காட்சியில் ஆண்ட்ரியா சிரித்தது தப்பா என்று எனக்கும் அவளுக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. நீ யார் பக்கம் என்று எழுது.

அன்புடன்,
உன் அல்சூர்த் தோழி