மூன்று எபிசோடு பாக்கி இருக்கிறது

டிசி காமிக்ஸ் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 'டிசி யுனிவர்ஸ்' என்று ஒரு ஸ்ட்ரீமிங் சேவை நடத்தினீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். 2018 செப்டம்பர் 15, பேட்மேன் தினத்தன்று அமெரிக்காவில் தொடங்கினீர்கள். மாதம் 7.99 டாலர். புதுத் தொடர்கள், பழைய கார்ட்டூன்கள், கூடவே காமிக்ஸ். டிவி திரையிலேயே ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக் காமிக்ஸ் படிக்கலாம் என்பதை யார் யோசித்தாரோ, அவர் கையைக் குலுக்க வேண்டும்.

'டைட்டன்ஸ்' வந்தது, 'டூம் பேட்ரோல்' வந்தது. யாருக்கும் வேண்டாதவர்கள் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வாழும் அந்தக் கதையைப் பெரிய சேனல் எதுவும் துணிந்து எடுத்திருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம் 'ஸ்வாம்ப் திங்', சதுப்பு நிலத்தில் செடிகொடியாலான உடம்போடு அலையும் ஓர் உருவத்தின் கதை. வட கரோலினாவின் வில்மிங்டனில், ஸ்டுடியோவுக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிச் சதுப்பு நிலம் போட்டீர்கள். பாசியும் வேரும் அப்பிய கனமான உடைக்குள், அந்த உருவமாக நடித்த டெரெக் மியர்ஸ் அந்தத் தண்ணீரில் நடந்தார். 13 எபிசோடு என்றீர்கள். பாதியில் 10 போதும் என்றீர்கள். 2019 மே 31-ல் முதல் எபிசோடு வந்தது. ஒரு வாரத்துக்குள் தொடரே ரத்து! பந்தியில் உட்காரவைத்து இலையில் உப்பு வைத்த கையோடு, சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பிய கதைதான்.

காரணம் புரியாமல் இல்லை. நீங்கள் கடை திறப்பதற்கு மூன்று மாதம் முன்பே உங்கள் தாய் நிறுவனமான டைம் வார்னர், தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி கைக்குப் போய்விட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது எல்லோருக்குமான ஒரே பெரிய கடை. 2020 மே மாதம் எச்பிஓ மேக்ஸ் என்ற அந்தப் பெரிய ஸ்ட்ரீமிங் கடை வந்தது; ஆகஸ்டில் டிசி யுனிவர்ஸ் ஊழியர்களில் பெரும்பாலானோருக்கு வேலை போனது. தொடர்கள் எல்லாம் அங்கே குடிபோக, 2021 ஜனவரியில் மிஞ்சியது காமிக்ஸ் மட்டும். பெயர் மட்டும் நீண்டு 'டிசி யுனிவர்ஸ் இன்ஃபினிட்' ஆனது.

சரி, நடந்தது நடந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பத்தாவது எபிசோடின் கடைசியில், பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, விஞ்ஞானி உட்ரூ செடிகொடி மனிதனாகி நிற்பதைக் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். செட் போட இப்போது பணம் இருக்காது. அந்த மூன்று எபிசோடுகளில் சொல்ல நினைத்ததைக் காமிக்ஸாகவாவது போடுங்கள். அதற்கு ஓவியரும் தாளும் போதும், இரண்டும் உங்களிடம் உண்டு.

இப்படிக்கு,
பத்தாவது எபிசோடிலேயே நிற்கும் ஒரு ரசிகன்