கிளாஸோடு வருகிற சிகரெட்

தம்பி,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். "குடிச்சா லிவருக்குத்தானேப்பா கெடுதல், நுரையீரலுக்கு என்ன வந்தது?" என்று கேட்டாய். பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை இருமினாய்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலைக்கும் அதே பிரிவுதான். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று மதுவால் புற்று வரும் இடங்களைச் சொல்கிறார்கள். அதில் நுரையீரல் இல்லை. நிறையக் குடிக்கிறவர்களிடம் நுரையீரல் புற்று கூடுதலாகத் தெரிந்தாலும், அவர்களில் பலர் புகைக்கிறவர்கள். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் மது மட்டுமே அதைக் கொண்டுவரும் என்று உன்னைப் பயமுறுத்த மாட்டேன்.

ஆனால் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதே. குடித்தது வயிற்றுக்குள் போகிறது, ஊதச் சொன்னால் மூச்சில் எப்படித் தெரிகிறது? ரத்தத்தில் கலந்த ஆல்கஹால் நுரையீரலின் காற்றுப்பைகள் வழியாகத்தான் மூச்சுக்கு வருகிறது. சளியையும் தூசியையும் மேலே தள்ளிவிட மூச்சுக்குழாய்களின் உள்சுவரில் நுண்ணிய முடிகள் இருக்கின்றன. தொடர்ந்து நிறையக் குடித்தால் அவை சோர்ந்துபோகும், கிருமியை விழுங்கும் செல்களும் மந்தமாகும். குடிகாரர்களுக்கு நிமோனியா சுலபமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிகரெட் புகையும் அதே முடிகளைத்தான் கெடுக்கிறது.

உன் வீட்டுக்கு வந்திருந்தபோது பால்கனி மூலையில் ஒரு பீர் டின்னைப் பார்த்தேன். கையில் எடுத்தபோது உள்ளே ஊறிப்போன சிகரெட் துண்டுகள். "குடிக்கும்போது மட்டும்தான்பா" என்றாய். எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் அது நான் சொன்ன வார்த்தை.

உனக்கு இதுவரை சொன்னதில்லை. நான் சிகரெட்டை மூன்று தடவை விட்டேன். மூன்று தடவையும் மறுபடி பற்றவைத்தபோது கையில் கிளாஸ் இருந்தது. ஒரு தடவை பதினோரு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒரு கல்யாண வீட்டு மாடியில், இரண்டாவது ரவுண்டில், யாரோ நீட்டினார்கள். யோசிக்கக்கூட இல்லை, கை தானாக நீண்டது. மறுநாள் காலையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். நான்காவது தடவை குடியையும் சேர்த்து நிறுத்தினேன். அப்போதுதான் சிகரெட் போனது.

அதனால்தான் கேட்கிறேன், சிகரெட்டை மட்டும் விடுகிறேன் என்று சொல்லாதே. இரண்டும் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து வெறும் கூட்டல் கணக்காக நிற்காது, பல மடங்காகப் பெருகும். நுரையீரலைப் பொறுத்தவரை, சிகரெட்டை விட்டுப் பத்து வருஷம் ஆனால் புற்று வரும் வாய்ப்பு, தொடர்ந்து புகைக்கிறவனுக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். உனக்கு வயது இருக்கிறது. அந்தப் பத்து வருஷத்தை இப்போதே தொடங்கு.

அடுத்த தடவை கூப்பிடும்போது அந்த இருமலைப் பற்றி முதலில் சொல். எத்தனை நாளாக இருக்கிறது, சளி வருகிறதா, அதில் ரத்தம் தெரிகிறதா. ரத்தம் தெரிந்தாலோ, இரண்டு வாரம் தாண்டியிருந்தாலோ, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். தேதி சொல், நானும் கூட வருகிறேன்.

அப்பா