சண்முகத்துக்கு, உன் பேத்தியின் காட்டெருமை குறித்து

குகை, சேலம்
ஐப்பசி 12

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் மழை விடாததையும், காப்பிப் பழம் சிவப்பதற்குள் பாதி உதிர்ந்துவிட்டதையும் முதல் இரண்டு பக்கங்களில் எழுதிவிட்டு, உண்மையான கவலையைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறாய். பிட்ஸ்பர்க்கில் படிக்கும் கயல் தன்னை ஒரு காட்டெருமையாக வரைந்து வைத்துக்கொண்டிருக்கிறாள், 'நான் ஒரு ஃபர்ரி' என்கிறாள், அவளை மருத்துவர் யாரிடமாவது காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவளோடு இரண்டு மணி நேரம் காணொளியில் பேசினேன். அதன் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் உன் பெரிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தான் ஒரு மாடு என்று அவள் நம்பவில்லை. உள்ளத்தளவில் தாம் விலங்கே என்று உணர்வோர் வேறு ஒரு சிறு கூட்டத்தார். அவர்களைத் தேரியன் என்கிறார்கள். சிலர் இரண்டிலும் இருக்கக்கூடும், ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. ஃபர்ரி என்பவர், மனிதரைப் போல நடந்து பேசிச் சட்டை போட்டுக்கொள்ளும் விலங்குப் பாத்திரங்களின் மேல் விருப்பம் கொண்டவர், அவ்வளவுதான். அந்த விருப்பம் முற்றும்போது தனக்கென்று ஒரு பாத்திரத்தைப் படைத்து, அதற்குப் பெயர், நிறம், குணம் எல்லாம் கொடுத்துக்கொள்கிறார். அதற்கு ஃபர்சோனா என்று பெயர். உரோமத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு 'பர்சோனா' என்ற லத்தீன் சொல் ஒட்டியிருக்கிறது. பர்சோனா என்றால் நாடக நடிகர் அணியும் முகமூடி. ஓநாயும் நரியும் நாயும் புலியும் டிராகனும்தான் அங்கே அதிகமாம். காட்டெருமையை அவள் இன்னும் ஒருவரிடமும் பார்த்ததில்லை என்று சற்றுப் பெருமையாகவே சொன்னாள்.

இது நேற்று முளைத்ததும் அல்ல. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க அறிவியல் புனைகதை மாநாடுகளில், விலங்குப் பாத்திரங்களை வரைபவர்களும் ரசிப்பவர்களும் ஓர் அறையில் தனியாகக் கூடத் தொடங்கியதிலிருந்து இது வளர்ந்தது. 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் இவர்களுக்கென்றே முதல் மாநாடு நடந்தபோது வந்தவர்கள் 65 பேர். ஆன்த்ரோகான் என்ற மாநாடு 1997-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் தொடங்கி, 2006 முதல் கயல் படிக்கும் அதே பிட்ஸ்பர்க்கில் நடக்கிறது. 2024-இல் 17,000-க்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். வேடமணிந்தவர்கள் ஊர்வலம் போகும்போது ஊர் மக்கள் குழந்தைகளோடு தெருவோரம் நின்று பார்க்கிறார்கள் என்று அவள் சொன்னபோது எனக்கு நம் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கைதான் கண்முன் வந்தது.

ஆனால் இரண்டும் ஒன்று என்று எழுதி உன்னைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. இங்கே வண்டியில் ஏறுபவன் விரதம் இருந்து, ஊரார் எல்லோரும் அறிந்த ஒரு தெய்வத்தின் உருவை ஓர் இரவுக்குக் கடன் வாங்குகிறான். விடிந்தால் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தறிக்குப் போய்விடுவான். கயலின் காட்டெருமைக்குப் புராணம் கிடையாது, பூசையும் கிடையாது. அதன் கதை முழுவதையும் அவளே எழுத வேண்டும், அவள் கைவிட்டால் அது இல்லாமலே போய்விடும். அவர்கள் அந்தப் பாத்திரத்தின் மேல் இவ்வளவு பற்று வைப்பதற்கும், வெளியார் சிரித்தால் இவ்வளவு புண்படுவதற்கும் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேடத்தைப் பற்றி ஒன்று. எல்லா ஃபர்ரிகளும் உரோம உடைக்குள் திரிகிறார்கள் என்று நீ நினைத்திருக்கிறாய். பெரும்பாலோரிடம் அந்த உடை இல்லை. வரைவதும் எழுதுவதும் பேசிக்கொள்வதுமே அவர்களுக்குப் போதும். முழு உடை ஒன்றைச் செய்து வாங்கப் பல ஆயிரம் டாலர் ஆகும் என்பதும் ஒரு காரணம். கயல் தலையை மட்டும் தானே செய்துகொண்டிருக்கிறாள். அதைக் கேமராவில் காட்டியபோது, ஐம்பது ஆண்டுகள் காகிதக்கூழில் தலை செய்தவன் என்ற முறையில் எனக்குப் பேச்சே நின்றுவிட்டது. ஃபோமை வெட்டி ஒட்டி மண்டை எழுப்பியிருக்கிறாள். அதன் மேல் செயற்கை உரோமத் துணி. அந்தத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாதாம், மயிர் நுனி மொட்டையாகிவிடும். திருப்பிப் போட்டு, அடித்துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும். முகத்தில் உரோமம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறாள். கண்மணி இருக்கும் இடத்தில் வண்ணம் பூசிய வலை. அதன் வழியாக உள்ளிருப்பவர் வெளியே பார்க்கிறார், வெளியே இருப்பவருக்கோ அது வெறும் கண்ணாகத் தெரிகிறது. கண்ணைச் சற்றுக் குழிவாக உள்ளே தள்ளிப் பொருத்திவிட்டால், நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது நம்மையே பார்ப்பது போலிருக்கிறது. அவள் தலையை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அந்தக் காட்டெருமை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே வெக்கை தாங்காது என்றாள். எனக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1974 ஆடியில் நான் நரசிம்மர் வேடம் கட்டி வண்டியில் நின்று, பாதித் தெரு போவதற்குள் மயங்கிச் சரிந்ததையும், நீதான் ஏறித் தலையைக் கழற்றிப் பன்னீர் சோடாவை என் முகத்தில் ஊற்றியதையும் மறந்திருக்க மாட்டாய். அப்படிக் கூடவே நடந்து, கைபிடித்துப் படியிறக்கி, தண்ணீர் கொடுப்பவருக்கு அவர்கள் ஹேண்ட்லர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மாநாட்டில் மின்விசிறியும் குடிநீரும் வைத்த ஓர் அறையும் உண்டு. குழந்தைகள் பார்க்கும் இடத்தில் தலையைக் கழற்றுவது மரியாதையல்ல என்பதால், அங்கே போய்த்தான் கழற்றுவார்களாம். அன்று நமக்கு அப்படி ஓர் அறை இல்லை, நீ இருந்தாய்.

அவர்களைப் பற்றி நீ படித்த அசிங்கமான செய்திகளுக்கு வருகிறேன். வயது வந்தோருக்கான படங்கள் அந்த உலகில் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மனிதர் கூடும் எந்த உலகில்தான் அது இல்லை? அந்த ஒன்றையே எல்லாமாகக் காட்டிய தொலைக்காட்சித் தொடர்கள்தாம் இவர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. அமெரிக்கப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளுக்காகப் பூனைக்கு வைப்பது போல மலம் கழிக்க மண்தட்டு வைக்கிறார்கள் என்ற செய்தியும் பொய். 2022-இல் அங்குள்ள அரசியல்வாதிகள் பலர் அதை மேடையேறிச் சொன்னார்கள், விசாரித்த இடங்களில் எல்லாம் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளிகள் மறுத்தன. உன் மைத்துனர் அனுப்பியதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது, சண்முகம்.

பள்ளியில் ஒட்டாமல் போன பிள்ளைகளும், தம் பால் விருப்பத்தை வீட்டில் சொல்ல முடியாதவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கிறார்களாம். முதலில் பாத்திரமாகப் பேசிப் பழகினால் பிறகு தானாகப் பேசுவது எளிதாக இருக்கிறது என்றாள். சிறு வயதில் விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்ற பெண் இவள் என்பதை நினைத்துக்கொண்டேன்.

உனக்கு ஒன்று தெரியுமா? அவள் வரைந்த படத்தில் நான்கு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. ஏன் என்று கேட்டேன். ஆறு வயதில் ஒரு விடியற்காலை நீ அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்ற காட்டெருமையைக் காட்டி, 'பார், வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது' என்று சொன்னாயாம். அதற்கு அவள் ஒரு பெயரும் வைத்திருக்கிறாள். என்னிடம் சொன்னாள், நான் உனக்கு எழுதப்போவதில்லை. மார்கழியில் வரும்போது நீயே கேட்டுத் தெரிந்துகொள்.

கொம்பு மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை. இரண்டு கொம்புகளுக்கும் நடுவே நெற்றியில் எழும் அந்த மேட்டை அவள் தட்டையாக விட்டிருக்கிறாள், அதனால் வீட்டு எருமையைப் போல இருக்கிறது. உன் தோட்டத்துப் பக்கம் வருபவற்றில் ஒன்றை முன்பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நான் அளவு போட்டு அவளுக்குக் கொடுக்கிறேன். வீட்டுத் திண்ணையிலிருந்தே எடு, கிட்டே போகாதே.

அன்புடன்,
மாணிக்கம்