ஜெலுசில் தர மறுத்த தம்பிக்கும் மற்ற அனைவருக்கும்

எங்கள் தெருவாருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் ஓர் இரவில் என் கணவருக்கு மாரடைப்பு வந்ததை நீங்கள் அறிவீர்கள் என்பதால் முழுவதையும் மீண்டும் விவரிக்கவில்லை. அவர் நேற்று மாலை வீடு திரும்பினார். அடைபட்டிருந்த இதய ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இன்று காலை சட்னியில் உப்பே இல்லை என்று அவர் குறைப்பட்டபோது, பதில் சொல்ல முடியாமல் அடுக்களையில் நின்று அழுதேன்.

108 ஊர்தியில் வந்த பணியாளர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்த கையோடு அதைப் பெரிய மருத்துவமனைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மாரடைப்புக்கு முதல் மருந்தாகத் தமிழக அரசு தரும் 'இதயம் காப்போம்' திட்டத்தின் 14 மாத்திரைகளையும் அப்போதே விழுங்கவைத்த செவிலியருக்கும், கண் விழித்துச் சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், எங்கள் மாமியாரைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டாருக்கும், வார்டு வாசலில் என்னோடு தரையில் படுத்திருந்த என் நாத்தனாருக்கும் நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால் இந்த மடலை எழுதத் தூண்டியவர், எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் இருக்கும் தம்பி. அவர் செய்த உதவி, நான் கேட்டதைக் கொடுக்க மறுத்தது.

கடை அடைக்கும் நேரத்தில் ஐம்பது ரூபாயோடு ஓடிப்போய், "சாருக்கு வாய்வு பிடித்திருக்கிறது, ஒரு ஜெலுசில் கொடுங்கள்" என்று கேட்டேன். அவர் பாட்டிலை எடுக்கவில்லை. எவ்வளவு நேரமாக வலிக்கிறது, வியர்க்கிறதா, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி பரவுகிறதா, சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டார். வலி தொடங்கி அரைமணி நேரமாகிறது, பனியன் நனைந்திருக்கிறது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது என்றேன். இரண்டு நாட்களாக மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சைப் பிடிப்பதாகவும், உட்கார்ந்தால் சரியாகிவிடுவதாகவும் என் கணவர் சொன்னதை, கேள்விகள் முடிந்தால் போதும் என்ற எரிச்சலில்தான் சேர்த்துச் சொன்னேன். "டீச்சர், இதற்கு நான் மருந்து தர மாட்டேன். 108-ஐக் கூப்பிடுங்கள், சாரை நடக்க விடாதீர்கள்" என்றார். நான் கோபப்பட்டேன். மருந்து விற்பதுதான் உங்கள் வேலை, வைத்தியம் பார்ப்பதல்ல என்று, வாடிக்கையாளர் இருவர் முன்னிலையில் சொன்னேன். அவர் பதில் பேசாமல் தன் கைபேசியிலிருந்தே 108-ஐ அழைத்தார். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டரில் ஏறத் தயாராக இருந்த என் கணவரைத் தடுத்து, சுவரில் சாய்த்து உட்காரவைத்து, வண்டி வரும்வரை பக்கத்திலேயே இருந்தார். வழியில் நெஞ்சு நின்றுபோனால் ஸ்கூட்டரில் என்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டது அப்போது எனக்கு அபசகுனமாகப் பட்டது.

எங்கள் குடும்பத்தில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் இடையில் எது வலித்தாலும் அதற்கு வாய்வு என்றே பெயர். சோடா, சுக்குக் கஷாயம், பெருங்காயம் கரைத்த மோர் என்று வரிசையாகக் கொடுத்துப் பார்ப்போம். இதய வலி என்றால் கத்தியால் குத்துவதுபோல் இருக்கும், மனிதர் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிடுவார் என்றே நானும் நம்பியிருந்தேன். இவரோ ஆட்டுக்கல்லைத் தூக்கி மேலே வைத்ததுபோல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வலிக்கும் இடத்தை விரலால் காட்டத் தெரியாமல் உள்ளங்கையை மார்பின் நடுவில் வைத்துக் காட்டினார். இதய வலி பெரும்பாலும் அப்படித்தான் இடம் சொல்லாமல் அழுத்தும் என்றும், சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவோ குமட்டலாகவோ திடீர்ச் சோர்வாகவோ வரக்கூடும் என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார். தொட்டு அழுத்தினால் கூடும் வலி தசையினுடையதாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது குத்துவது நுரையீரல் உறையினுடையதாக இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்ததும் புளித்து மேலேறும் எரிச்சல் இரைப்பை அமிலமாக இருக்கலாம். ஆயினும் இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், ஈசிஜி பார்க்காமல் மருத்துவராலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லையாம். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் நம்பிவிடாமல் மறுபடி எடுக்கிறார்கள். ட்ரோபோனின் என்னும் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் கழித்துத் திரும்பச் செய்கிறார்கள்.

மருத்துவர் சொன்னவற்றில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்று உண்டு. ஜெலுசில் குடித்து வலி குறைந்திருந்தாலும், அது இதய வலி அல்ல என்று ஆகிவிடாதாம். அந்தத் தம்பி பாட்டிலை எடுத்துக் கொடுத்திருந்தால் நான் இவருக்கு இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்திருப்பேன், இவரும் கொஞ்சம் தேவலை என்று சொல்லியிருப்பார், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்போம். இதயத் தசை மடிந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும் என்பதை அறியாமல் விடியட்டும் என்று காத்திருந்திருப்போம்.

இனி என் வீட்டில், அது யாராக இருந்தாலும், பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் நெஞ்சு அழுத்தத்துக்கோ, வியர்வையோடோ மூச்சுத்திணறலோடோ வரும் வலிக்கோ நான் பெயர் வைக்கப் போவதில்லை. 108-ஐ அழைத்துவிட்டு மற்றதைப் பேசுவேன். போய்ப் பார்த்து வாய்வுதான் என்று சொல்லி அனுப்பினால், சிரித்துக்கொண்டே திரும்பி வருவேன்.

தம்பி, இரண்டு பேர் முன்னிலையில் உங்களைக் கடிந்துகொண்டதால் மன்னிப்பையும் எல்லோரும் பார்க்கும்படி கேட்கிறேன். என் கணவர் தெருமுனை வரை நடக்கலாம் என்று அடுத்த வாரம் அனுமதிப்பார்களாம். அன்று இருவரும் உங்கள் கடைக்கு வருகிறோம். கையில் மருத்துவரின் சீட்டு இருக்கும். இந்த முறை மறுக்காமல் மருந்து கொடுங்கள்.