அதே உணவகம், அதே அடுப்பு, இரண்டு சாப்பாடு

கோயம்புத்தூர்,
20.4.2026

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பயண நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: மார்ச் மாத இத்தாலிச் சுற்றுலா – ரோம் நகரில் அளிக்கப்பட்ட ‘பாரம்பரிய இத்தாலிய இரவு விருந்து’ – சேவைக் குறைபாடு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் மூலம் கடந்த மார்ச் மாதம் நானும் என் கணவரும் என் மாமியாரும் இத்தாலிக்குச் சென்று வந்தோம். ஊர் திரும்பியதும் இந்தப் புகாரைத் தொலைபேசியில் சொன்னேன். “இத்தாலியச் சாப்பாடு நம் ஆட்களின் நாக்குக்கு ஒத்துவராது மேடம், எல்லோரும் சொல்வதுதான்” என்று உங்கள் ஊழியர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அந்தப் பதில் மட்டும் வராமல் இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். குறை எங்கள் நாக்கில் இல்லை. அதற்கு என்னிடம் பில் இருக்கிறது.

உங்கள் பயணத் திட்டத்தில் ரோம் நகரின் இரண்டாம் நாள் மாலைக்கு எதிரே, “த்ராஸ்தேவெரே பகுதியின் பழைமையான உணவகத்தில் நான்கு வகைப் பாரம்பரிய விருந்து, சைவப் பயணிகளுக்கு முட்டையும் சேராத தனிச் சமையல்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதற்கென்று மொத்தக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 4,500 ரூபாய் தனியாக வாங்கினீர்கள். கடந்த டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தியையும் அந்தப் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். என் மாமியார் முட்டையும் தொடாத சைவம் என்பதைப் பதிவுப் படிவத்திலும் எழுதினேன், விசா நேர்காணலுக்கு வந்தபோது உங்கள் அலுவலகத்திலும் சொன்னேன்.

அன்று மாலை ஆறரை மணிக்கே எங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ரோம்வாசிகள் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கு மேல்தான் வருவார்கள். அந்த உணவகத்தின் சமையலறையே ஏழரைக்குத்தான் முறையாகத் திறக்கிறது என்று வாசலில் எழுதியிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது மேல்தளக் கூடம் அல்ல, ஜன்னல் இல்லாத கீழ்த்தள அறை. நீள மேசைகள், தாள் விரிப்பு, முன்கூட்டியே வைத்திருந்த தட்டுகள். விலைப்பட்டியலைக் கேட்டேன், குழுவுக்கு அது கிடையாது என்றார் உங்கள் டூர் மேனேஜர்.

முதலில் வந்த ரொட்டித் துண்டின் மேல் இருந்த தக்காளி பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தது. அடுத்து பென்னே என்ற குழல் வடிவப் பாஸ்தா. வெந்து குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரண்டியால் எடுத்தால் கட்டியாக வந்தது. தூவிக்கொள்ளப் பாலாடைக்கட்டித் தூளைக் காகிதப் பொட்டலத்தில் வைத்திருந்தார்கள். மூன்றாவதாகக் கோழியின் நெஞ்சுக்கறியும் உருளைக்கிழங்கு வறுவலும். உலகத்தின் எந்த விமான நிலையத்திலும் கிடைக்கிற தட்டு அது. ரோம் நகரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சைவத் தட்டுக்கு வருகிறேன். மாமியாருக்கும் அதே பென்னே. கோழிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் பச்சைப் பட்டாணி. அவர் இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகு, பட்டாணிக்கு நடுவே இளஞ்சிவப்பாகச் சிறுசிறு துண்டுகள் தெரிகின்றனவே, கேரட்டா என்று என்னிடம் கேட்டார். விளிம்பில் வெள்ளைக் கொழுப்பு ஒட்டிய கேரட் எங்கும் விளையாது. பன்றித்தொடை இறைச்சியைச் சேர்த்துப் பட்டாணி வதக்குவது ரோம் நகரத்துக் கைப்பழக்கம். சைவம் என்று யாரும் சொல்லாவிட்டால் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். டூர் மேனேஜரை அழைத்துக் காட்டினேன். அவர் முள்கரண்டியால் நான்கைந்து துண்டுகளை ஒதுக்கிவிட்டு, “வாசனைக்குப் போட்டிருக்கிறார்கள் அம்மா, எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்” என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போய் நின்றுவிட்டார். அன்றிரவு விடுதி அறையில் ஊரிலிருந்து கொண்டுபோன பிஸ்கட்டுதான் அவருக்குச் சாப்பாடு. அவர் எழுந்துபோன பிறகு அவருடைய இடத்தில் வைக்கப்பட்ட இனிப்பு திராமிசு. அதில் முட்டை உண்டு. பிளாஸ்டிக் குவளையில் நடுப்பகுதி இன்னும் பனிக்கட்டியாக இருந்தது. போகட்டும், திராமிசு ரோம் நகரத்துப் பண்டமும் அல்ல, வடக்கே வெனெத்தோ பக்கத்தது.

எழுந்து புறப்படும் நேரத்தில் ‘இருக்கைக் கட்டணமும் தண்ணீரும்’ என்று சொல்லி ஆளுக்கு 5 யூரோ ரொக்கமாக வசூலித்தார்கள். ரசீது இல்லை. ரோம் அடங்கிய லாட்சியோ மாநிலத்தில் இருக்கைக் கட்டணம் வாங்குவதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ரொட்டிக்குக் காசு வாங்கலாம், அதுவும் விலைப்பட்டியலில் எழுதியிருந்தால்தான். அந்த 5 யூரோ உணவகத்துக்குப் போனதா, வேறு எங்காவது போனதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் நானும் உங்கள் ஊழியரைப் போலவே இத்தாலியச் சமையலைத்தான் குறை சொல்லியிருப்பேன். வெளியே போன அவசரத்தில் அத்தை கண்ணாடிக் கூட்டை மேசையிலேயே விட்டுவிட்டார். மறுநாள் வியாழக்கிழமை, உங்கள் திட்டப்படி ஓய்வு நாள். கண்ணாடியை வாங்கிவரப் பகல் ஒரு மணிக்கு அங்கே போனோம். மேல்தளத்தில் ஓர் இருக்கைகூடக் காலி இல்லை. அலுவலகத்துக்காரர்கள், பேரக்குழந்தைகளோடு வந்த கிழவர்கள், எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். முந்தைய இரவின் அதே கடையா என்று சந்தேகம் வரும்படி அப்படியொரு மணம். கண்ணாடியை எடுத்து வைத்திருந்த பெரியவர், பரிமாறுபவர்களில் மூத்தவர், கொஞ்சம் காத்திருந்தால் இடம் தருகிறேன் என்றார்.

உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: சைவம் என்றால் எதுவரை? முட்டை ஆகுமா, பாலாடைக்கட்டி ஆகுமா? நீங்கள் பல மாதங்களாகக் கேட்காத கேள்வி அது. பெக்கொரீனோ ரொமானோ பாலாடைக்கட்டிக்குப் பால் உறைய ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள், பர்மிஜானோவுக்குக் கன்றுக்குட்டியுடையது. புதிதாகப் பிசைந்து செய்யும் தொன்னரெல்லி, ஃபெத்துச்சீனே என்ற பாஸ்தா வகைகளில் முட்டை உண்டு. காய்ந்த ஸ்பகெத்தியில் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். புதினா வகைக் கீரை அடைத்துச் செய்யும் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காயைச் சாப்பிடலாம், பூசணிப்பூ பஜ்ஜியை வேண்டாம், உள்ளே நெத்திலி இருக்கிறது. இவ்வளவையும் அவர் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். முந்தைய இரவு பொட்டலத்தில் வந்த தூள் எதைச் சேர்த்து உறைய வைத்த பாலாடைக்கட்டியோ என்று நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்குப் பூண்டும் காய்ந்த மிளகாயும் ஆலிவ் எண்ணெயில் தாளித்த ஸ்பகெத்தி, ஓர் ஆர்ட்டிசோக், பூண்டு போட்டு வதக்கிய சிக்கோரியாக் கீரை. கீரை நல்ல கசப்பு. வெந்தயக்கீரை மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தட்டை வழித்துச் சாப்பிட்டார். வியாழக்கிழமை ரோமில் ‘நோக்கி’ எனப்படும் உருளைக்கிழங்கு உருண்டைகளைச் செய்யும் நாள் என்பதால் எனக்கு அது. என் கணவருக்குக் ‘கச்சோ எ பெப்பே’ என்ற பாஸ்தா. பாஸ்தாவோடு பாலாடைக்கட்டியும் மிளகும் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. வெண்ணெய் இல்லை, கிரீம் இல்லை. பாஸ்தா வெந்த தண்ணீரின் கஞ்சித்தன்மையிலேயே துருவிய பெக்கொரீனோ கரைந்து, இழை இழையாகப் பற்றிக்கொண்டு வந்திருந்தது. தட்டின் அடியில் ஒரு சொட்டு நீர் பிரியவில்லை. கடித்தால் இழையின் நடுவே லேசான உறுதி. அதற்கு மேல் சற்றுமுன் இடித்த மிளகு.

எல்லாம் பொற்காலம் என்று சொல்லவும் மாட்டேன். இடத்துக்காக முக்கால் மணி நேரம் நின்றோம். மேசை இரண்டு தட்டுக்கு மேல் கொள்ளாது. ஆர்ட்டிசோக்கில் எண்ணெய் அதிகம். என் கணவர் மிளகாய் சாஸ் கேட்டபோது அந்தப் பெரியவர் பார்த்த பார்வை நல்ல பார்வை அல்ல. பில்லை நாமாகக் கேட்கும்வரை அவர்கள் கொண்டுவருவதில்லை என்பது தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஆனால் விலைப்பட்டியலில் உறைபதனப் பொருள் சேர்ந்த பண்டங்களுக்கு நட்சத்திரக் குறி இட்டிருந்தது, ரொட்டியின் விலை எழுதியிருந்தது, கடைசியில் அச்சிட்ட ரசீது வந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து 56 யூரோ.

முந்தைய இரவைப் பற்றி அவரிடம் கேட்டேன். சங்கடப்பட்டார். பிறகு குழுக்களுக்கான அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் மூன்று விலைகள். மேலே உள்ளதில் கச்சோ எ பெப்பே உண்டு, சைவத்துக்குத் தனி வரிசை உண்டு. 16 யூரோவுக்கான கடைசி வரிசையில் பென்னே, கோழி, வறுவல், குவளை இனிப்பு. உங்கள் நிறுவனம் பதிவு செய்தது கடைசி வரிசையை. சைவம் பற்றி எதுவும் சொல்லி அனுப்பவில்லை, வந்து உட்கார்ந்த பிறகுதான் இன்னாருக்குக் கோழி வேண்டாம் என்று சொன்னார்கள் என்றார் அவர். கோழி வேண்டாம் என்றதும் கோழியை எடுத்துவிட்டுப் பட்டாணியை வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் நான் எப்படிக் கோபப்படுவேன்?

16 யூரோ என்பது இன்றைய மதிப்பில் 2,000 ரூபாயைத் தொடாது. நீங்கள் வாங்கியது 4,500. லாபம் வைக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? பஸ், விடுதி, வத்திக்கான் அருங்காட்சியக டிக்கெட் எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தீர்கள். அருங்காட்சியக வாசலில் நின்ற கூட்டத்தைத் தாண்டி எங்களை உள்ளே அழைத்துப்போன விதத்தை ஊரில் பாராட்டித்தான் பேசுகிறேன். ஆனால் ஒரு கடையின் ஆகக் கடைசிச் சாப்பாட்டை வாங்கி, அதற்குப் ‘பாரம்பரியம்’ என்று பெயர் சூட்டி, இரண்டு மடங்குக்கு மேல் விலை வைத்து, பிடிக்கவில்லை என்றால் உன் நாக்கு சரியில்லை என்பது வியாபாரம் ஆகாது.

ஆகவே, விருந்துக்கென வசூலித்த 13,500 ரூபாயையும் ரசீதில்லாமல் பெற்ற 15 யூரோவையும் திருப்பித் தர வேண்டும். சைவத் தட்டில் பன்றி இறைச்சி வந்ததற்கு என் மாமியாரின் பெயருக்கு எழுத்துபூர்வமான மன்னிப்பு வர வேண்டும். பணத்தைவிட இதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். அடுத்த குழுவுக்குப் போகும் கையேட்டில் அந்த விருந்தில் என்னென்ன பரிமாறப்படும் என்பதையும், அதில் சேரும் பாலாடைக்கட்டி எவ்வகை என்பதையும் அச்சிடுங்கள். மே மாதம் புறப்படவிருக்கும் குழுவில் எங்கள் தெருவிலிருந்தே ஒரு சைவக் குடும்பம் பணம் கட்டியிருக்கிறது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நான் வசிக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். சென்னைக்கு வந்து அலைய வேண்டியதில்லை என்பதையும் அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு என்பதையும் விசாரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பயணத் திட்டத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, பட்டாணிக் கிண்ணத்தின் புகைப்படங்கள், மறுநாளைய 56 யூரோ பில் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இனி தொலைபேசியில் பேச வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(ஒப்பம்)