காம்போதிக்கு நடுவில் அறுந்த தந்தி

அன்புள்ள தோழிக்கு,

உனக்கு வெளியூரில் கச்சேரி இருப்பதால், வருகிற டிசம்பரில் நீ வழக்கமாக வாசிக்கும் பாடகருடைய ஒரு கச்சேரிக்கு மட்டும் என்னை வயலின் வாசிக்கச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னதே நீதான் என்றும் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்த பிறகு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குத் தெரிவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களுக்குத் தெரிந்துவிட்டது. ‘அவளுக்கு இன்னும் பொறாமை போகவில்லை’ என்று ஒரு வித்வான் சொன்னதாக என் மாணவி ஒருத்தியே வந்து சொன்னாள். ஊர் பேசுகிற விஷயத்துக்கு ஊரறியப் பதில் எழுதிவிடுவதே மேல் என்று தோன்றியது. பாடகர் யார், சபா எது என்பதை எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்கள் ஊகித்துக்கொண்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். அவர் என்னிடம் எப்போதும் மரியாதையாகவே நடந்துகொண்டிருக்கிறார்.

பொறாமை இருந்தது. இல்லை என்று எழுதினால் முதலில் சிரிப்பது நீயாகத்தான் இருக்கும். 1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையில் தொடங்கி, வார இறுதிதோறும் ஓர் ஊர் என்று அமெரிக்காவைச் சுற்றி வரும் பயணம் ஒரு பக்கவாத்தியக்காரருக்கு என்ன செய்யும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. பணம் ஒரு பக்கம். திரும்பி வந்ததும் ‘அவருக்கு வாசிக்கிறவர்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது; அதுவரை தேதி கேட்டால் பார்க்கலாம் என்று சொன்னவர்கள் தாங்களே கூப்பிடுகிறார்கள். கலைஞர் விசாவுக்கான மனுவில் பாடகர், ஒரு வயலின், ஒரு மிருதங்கம் என்று பெயர்கள் ஏறிவிட்டால் அதன் பிறகு மாற்றுவது லேசில்லை. ஆகவே, அவருடைய அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய அந்த டிசம்பர் சீசன் முடிவதற்குள் அவர் நம் இருவரில் ஒருவரைத் தீர்மானித்தாக வேண்டியிருந்தது.

நம் இருவரில் ஒருவர் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. அவர் மனத்தில் இருந்த மூன்றாவது, நான்காவது பெயர்கள் ஆண்களுடையவை. அவர்களை யாரும் ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பெண் வயலினைப் பக்கத்தில் உட்காரவைக்கப் பெரிய பாடகர்கள் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அதை வயலின் கலைஞர் டி. ருக்மிணி போன்றவர்கள் வாசித்தே உடைத்தார்கள். வயலின் கலைஞர் ஏ. கன்னியாகுமரி அம்மா, பாடகி எம்.எல். வசந்தகுமாரி அம்மாவுக்கு ஆண்டுக்கணக்கில் வாசித்து, பின்னர் தனிக்கச்சேரியிலும் தமக்கென்று ஒரு வழி கண்டு, 2016இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். இத்தனைக்குப் பிறகும், ஒரு பாடகர் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் போதும், கணக்குத் தீர்ந்தது என்ற மனப்பான்மை மட்டும் போகவில்லை. அந்த ஒற்றை இடத்துக்குத்தான் நீயும் நானும், நம் குருவான சார் வீட்டு முன்னறையில் ஒரே பாயில் உட்கார்ந்து வர்ணம் கற்றவர்கள், எதிரெதிராக நிறுத்தப்பட்டோம். இந்தக் கோபத்தில் உனக்கும் பங்கு உண்டென்று நினைத்திருந்தேன். இடம் கிடைத்தவர்களுக்கு அந்தக் கோபம் சீக்கிரம் ஆறிவிடுகிறது போலும்.

அந்த சீசனில் அவருக்கு நீ வாசித்த அன்று மாலையை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. மதியம் இன்னொரு சபாவில் ஓர் இளைஞருக்கு வாசித்துவிட்டு, வயலின் பெட்டியோடு நேராக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவர் காம்போதி ராகத்தை எடுத்தார். மேல் ஷட்ஜத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு இறங்கி வந்து, உனக்கு வழிவிட்டார். நீ நிதானமாகத்தான் ஆரம்பித்தாய். தைவதத்தைத் தொட்டு நீ மேலே போக இருந்த இடத்தில் பட்டென்று ஒலிபெருக்கி வழியாக ஒரு சத்தம் கேட்டது. அறுந்த தந்தி சுருண்டு உன் மணிக்கட்டில் அடித்தது. அவர் தம்புராவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தாமே ராகத்தைத் தொடர்ந்தார். நீ பெட்டியைத் திறந்தாய். உன் இரண்டாவது வயலின் அதில் இல்லை. ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்ணுக்கு வாசிக்க வைத்திருந்த அது பழுதுபார்க்கப் போயிருந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான்.

நீ தலை நிமிர்ந்து சபையைப் பார்த்தாய். என்னைத் தேடினாயா, சும்மா பார்த்தாயா என்பதை இன்றுவரை கேட்கவில்லை. நான் எழுந்து, குனிந்தபடி ஓரமாக மேடைக்குப் போய், என் வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து உன்னிடம் நீட்டினேன். மதியம் நான் வாசித்ததும் அவரைப் போலவே ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவருக்குத்தான். சுருதி சேர்க்கும் பிரடையைப் பெரிதாகத் திருக வேண்டியிருக்கவில்லை. நீ பஞ்சமத் தந்தியை மட்டும் விரலால் ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டு, தாடைக்குக் கீழே அல்ல, நம் வழக்கப்படி மார்புக்கும் கணுக்காலுக்கும் நடுவில் அதை நிறுத்திய விதத்தைப் பார்த்ததும், அது உன் வாத்தியமாகவே ஆகிவிட்டது என்று எனக்குப் பட்டது.

பிறகு நீ வாசித்த காம்போதியை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. ‘ஸ நி ப த ஸ’ என்ற பிடியில் காகலி நிஷாதம் என்ற அந்த உயர்ந்த ‘நி’ எவ்வளவு நேரம் வர வேண்டுமோ அவ்வளவு நேரம்தான் வந்தது, ஒரு மயிரிழை கூடவில்லை. நானே பல ஆண்டுகள் கையில் வைத்திருந்த வாத்தியத்தில் அந்த மந்தர ஸ்தாயி நாதத்தை நான் கேட்டதில்லை. அவர் திரும்பிப் பார்த்து, “பேஷ்” என்றார். கூட்டம் கைதட்டியது, நானும் தட்டினேன், மனமாரத்தான். பயணம் யாருக்கு என்பது அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பயணம் உனக்குக் கிடைத்ததில் எனக்குக் குறையில்லை. அந்த வாசிப்புக்கு யார் மறுத்திருந்தாலும் அநியாயம். ஆனால் ஊர் திரும்பியபின் ஒரு பேட்டியில் அந்த மாலையைப் பற்றிக் கேட்டபோது, “சபையிலிருந்து யாரோ ஒருவர் வயலின் கொடுத்தார்கள், கடவுள்தான் அனுப்பினார்” என்று சொன்னாய். கடவுளை நான் குறை சொல்லவில்லை. சாரிடம் பதினோரு வயதில் நீ சேர்ந்தபோது உனக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவளை, அந்தப் பேட்டியைப் பார்த்த அத்தனை பேருக்கும் முன்னால் யாரோ ஒருவராக்கிவிட்டாய். என் பெயரைச் சொன்னால் போட்டியில் இருந்தவளே கொடுத்தாள் என்ற பேச்சு கிளம்பும், அது என்னைத்தான் சிறுமைப்படுத்தும் என்று நீ நினைத்திருக்கலாம். உனக்காக நானே இப்படி வாதாடிப் பார்த்திருக்கிறேன். சில நாள் அந்த வாதம் வெல்கிறது.

உன் அம்மா தவறியபோது நான் வராததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அம்மா எனக்குப் போட்ட தோசைகளுக்குக் கணக்கே கிடையாது. அந்தப் பேட்டி வெளிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. உன் வாசலில் நின்று என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை. துக்க வீட்டில் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீ கேட்பாய். அதுவும் சரிதான். ஆனால் அதன் பிறகு நீயும் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லையே. சாரின் அஞ்சலிக் கூட்டத்தில் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் கழுத்தின் இடப்பக்கம் வெயிலில் கறுத்திருந்ததைப் பார்த்து, ஸ்கூட்டியில்தான் இன்னும் வருகிறாள் என்று நினைத்தேனே தவிர, உன் தோளைத் தொடக் கை வரவில்லை.

இப்போது நீ என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். உன் மனத்தில் அது பிராயச்சித்தமாக இருக்கலாம். சம்பிரதாயமாகக் கேட்டபோது முதலில் வாயில் வந்த பெயராகவும் இருக்கலாம். எப்படியானாலும் அந்த மேடையில் நான் உட்கார்ந்தால், நீ வராததால் வந்தவளாகத்தான் உட்காருவேன். நிரவலில் நான் ஒரு வரி நன்றாக வாசித்தாலும் உன்னோடு வைத்துத்தான் எடைபோடுவார்கள், சறுக்கினால் சொல்லவே வேண்டாம். இதை அகங்காரம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர் என்றைக்காவது தாமாகக் கூப்பிட்டால், வேறு தேதிக்கு, வேறு சபாவுக்கு, போய் வாசிப்பேன்.

அந்தத் தேதிக்கு, சாரிடம் கடைசியாகப் படித்த அந்தக் கும்பகோணத்துப் பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஸ்வரக் கணக்கில் கொஞ்சம் பயம் உண்டு, ராகத்தில் கிடையாது. அவர் கட்டாயம் உன்னிடம் விசாரிப்பார். என்னைப் பற்றி அவரிடம் என்ன சொன்னாயோ, அதில் பாதியாவது அவளைப் பற்றியும் சொல். பெயரோடு சொல்.

இப்படிக்கு,
உன் பழைய பாய்த் தோழி