பாசஞ்சர் ரயிலில் ஒரு வீணை

பாளையங்கோட்டை
புரட்டாசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே சாரல் இந்த வருஷம் குறையில்லை. ஆற்றில் தண்ணீர் போகிறது, சேரன்மகாதேவிப் பக்கம் கார் அறுப்பு நடக்கிறது. தசராவுக்குச் சப்பரம் கட்டுகிற வேலையும் தொடங்கியாகிவிட்டது.

உன்னைப் போலவே செலோ என்கிற பெரிய வயலின் மாதிரியான வாத்தியத்தை வாசிக்கிற மாட் ஹைமோவிட்ஸ், ஜெர்மன் இசைமேதை பாக் செலோவுக்கென்று எழுதிய ஆறு தொகுப்புகளை 2000-இல் மதுக்கூடங்களிலும் சின்ன விடுதிகளிலும் போய் வாசித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். சான்பிரான்சிஸ்கோவில் 2006-இல் ஒரு காபிக்கடையில் தொடங்கி, ‘கிளாசிகல் ரெவல்யூஷன்’ என்ற பெயரில் பல ஊர்களுக்குப் பரவிய மேற்கத்திய சங்கீதக்காரர்களின் கூட்டத்தைப் பற்றியும் எழுதிவிட்டு, “நம்ம சீமையில இது நடக்குமாடே?” என்று கேட்டிருந்தாய். நடக்கும் மாப்ளே. நடந்துகொண்டும் இருக்கிறது. அம்பாசமுத்திரத்து வீணை அக்கா, மிருதங்கம் வாசிக்கிற ஒரு தம்பி, வயலினோடு நான், இந்த மூன்று பேரும்தான் கொஞ்ச காலமாக தென்காசி பாசஞ்சரில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

பாசஞ்சர்தான் எங்களுக்குத் தோது. வீணையைப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டருக்கும் கஷ்டம், நமக்கும் உயிர் போய் உயிர் வரும். ரயிலில் ஜன்னலோரம் படுக்கவைத்து ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் போதும். டிக்கெட்டும் பஸ்ஸைவிட மலிவு. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி நடந்தால் ஊர் வந்துவிடுகிறது. காருகுறிச்சியைத் தாண்டும்போதெல்லாம் அருணாசலத்தின் நாகஸ்வரம் நினைவுக்கு வராமல் இருக்காது. அது வீதியையே நிறைக்கிற வாத்தியம். வீணைக்கு வீதி ஆகாது, வீட்டுக்குள்தான் போக வேண்டும்.

செலவு என்று பார்த்தால் ஒரு கச்சேரியில் பணத்தைத் தின்பது மைக் செட், மேடை, பந்தல், பிளக்ஸ், அப்புறம் ஹால் வாடகை. வாசிக்கிறவன் கையில் கடைசியில் மிஞ்சுவதுதான் சம்பாவனை. மைக்கை எடுத்துவிட்டால் மேடை வேண்டாம், மேடை இல்லையென்றால் ஹால் வேண்டாம், மற்றதெல்லாம் தானாகக் கழன்றுவிடும். ஆனால் மைக்கை விட்டதற்குக் காசு மட்டும் காரணமில்லை. நம் சங்கீதத்துக்கு மைக் வந்ததே 1930களை ஒட்டித்தான். அந்தக் காலத்திலேயே வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். கேட்பவர்கள் ஒரு அறையில் அடங்குகிற கூட்டம்தான். அதில் பெரிய பெரிய வித்வான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். நீங்கள் சேம்பர் மியூசிக் என்று சொல்வது அதைத்தானே? இந்த இசைக்குச் சின்ன அறை புதுசில்லை. பெரிய ஹால்தான் அதற்குப் புதுசு.

உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது கீழக்கடையம் பக்கம் ஒரு தெருவில் நடந்ததை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். சாயங்காலத்துக்குள் சுற்றிக் கட்டுக் கட்டிக் கடையில் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். ஆறு மணிக்குக் கச்சேரி, வாருங்கள் என்றால் அவர்கள் எப்படி வருவார்கள்? அதனால் நாங்கள் மூன்று மணிக்கே போனோம். அவர்கள் உட்கார்ந்திருந்த வட்டத்திலேயே இடம் விடச்சொல்லி உட்கார்ந்தோம். கையை நிறுத்த வேண்டாம், வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

இலையை வெட்டுகிற கத்தரிச் சத்தத்துக்கு நடுவில் அக்கா ஆனந்தபைரவி ராகத்தை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டி தட்டோடு நகர்ந்து நகர்ந்து வீணைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது, கண் மட்டும் அக்காவின் இடது கையை விட்டு நகரவில்லை. வீணைத் தண்டில் வரிசையாக இருக்கிற மெட்டுகளில் ஒன்றில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் மேலே மேலே ஏறும் இல்லையா, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏ தாயி, விரலு ஒரே எடத்துலதான் இருக்கு, சத்தம் எங்கனயோ போவுதே! இம்புட்டு இழுக்கியே, கம்பி அறுந்து போவாதா?”

அக்கா வாசிப்பை நிறுத்தினார். பாட்டியின் விரலைப் பிடித்து அதே மெட்டில் வைத்து, இழுத்துப் பாருங்கள் என்று மற்றக் கையால் மீட்டினார். சுரம் ஏறியது. பாட்டி கையை எடுத்துவிட்டு, அக்காவின் விரல் நுனியில் கம்பி அழுந்தி அழுந்தி விழுந்திருக்கிற தழும்பைத் தடவிப் பார்த்து, “ஒனக்கும் காச்சுப் போயிருக்கு” என்றார். அதற்கு அப்புறம் அந்தத் தார்சாவில் எங்களை யாரும் வெளியூர்க்காரர்களாகப் பார்க்கவில்லை. சுரத்தை இப்படி இழுத்து அசைக்கிற கமகத்தைப் பற்றி மேடையில் நின்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது மாப்ளே. கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து வாசித்தால் பாதி விளக்கத்தை வாத்தியமே சொல்லிவிடுகிறது. எல்லாரும் நமக்குக் கேள்வி ஞானம் வேண்டும், ராகம் தெரிய வேண்டும் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். கிட்டே போய்க் கேட்க இடம் கொடுத்தால் அந்தப் பயம் போய்விடுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

கடைசியில் செஞ்சுருட்டி ராகத்தில் காவடிச்சிந்து வாசித்தோம். அதை எழுதிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் அந்தப் பக்கத்துக்காரர்தான், ஊற்றுமலை ஜமீனில் இருந்தவர். 1891-இல் முப்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். மெட்டு வயலினில் வந்ததுமே இரண்டு பேர் பாட ஆரம்பித்துவிட்டார்கள், எனக்குத் தெரியாத அடிகள்கூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக, ஊருக்குள் போனால் தெரிந்த மெட்டை மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதே. ஆனந்தபைரவி ஆலாபனையை நாங்கள் ஒரு நிமிஷம்கூடச் சுருக்கவில்லை. சுருக்குவது கேட்கிறவர்களைக் குறைவாக எடை போடுகிற காரியம் என்று அக்கா சொல்வார். எனக்கும் அதே எண்ணம்தான்.

எல்லா இடமும் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீட்டுக் கூடம். மேலே மர மச்சு, பக்கத்தில் முற்றம். அங்கே வீணையின் தாளக்கம்பிச் சத்தம்கூடக் கடைசி ஆள்வரை போனது. அதே ஊரில் டைல்ஸ் ஒட்டிய புது ஹாலில் மிருதங்கத்தின் ஒரு அடி மூன்றாகத் திரும்பி வந்தது, தம்பி பாதிக் கச்சேரியை விரல் நுனியாலேயே ஓட்டினான். டீக்கடையில் காலை நேரத்தில் வயலின் மட்டும் தனியாக எடுபடும். பாய்லர் சீறினாலும் பரவாயில்லை, கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டால் போதும். ராத்திரிப் பரோட்டாக் கடைக்கு மட்டும் போகாதே, கொத்துகிற சத்தத்தில் எதுவும் நிற்காது. கோயில் கொடை நடக்கிற மாதங்களிலும் நாங்கள் புறப்படுவதில்லை. ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும், அது அவர்கள் திருவிழா, நாம் குறுக்கே போகக் கூடாது.

காசு விஷயத்தைக் கேட்டிருந்தாய். டிக்கெட் கிடையாது. வீட்டுக்காரர்கள் இடமும் சாப்பாடும் தருவார்கள், முடிந்ததும் ஒரு தட்டு சுற்றி வரும். பீடித் தார்சாவில் தட்டு வைக்க மாட்டோம் என்று சொல்லிப் பார்த்தோம், அவர்கள் கேட்கவில்லை. ஆளுக்குப் பத்து இருபது என்று சேலை முடிச்சிலிருந்து எடுத்துப் போட்டார்கள். டிக்கெட் செலவு போக மீதியை மூன்றாகப் பிரிக்கிறோம். அது சில நாள் நாலு காசு பார்த்ததாக இருக்கும், சில நாள் வழிச்செலவுக்கே சரியாகப் போகும். தம்பிக்கு மட்டும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு, தட்டில் வராவிட்டால் நானும் அக்காவும் போட்டுக் கொடுத்துவிடுவோம். அவனுக்குப் பிழைப்பே மிருதங்கம்தான். ஊருக்குச் சேவை செய்கிறோம் என்று சொல்லி வாத்தியக்காரனைச் சும்மா வாசிக்கவைப்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. இதை நீ அங்கே தொடங்கினாலும் முதலில் இந்தக் கணக்கைப் பேசிவிட்டுத் தொடங்கு.

வாத்தியத்துக்குத்தான் பெரிய சோதனை. வீணையில் இருபத்துநாலு மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன. சித்திரை வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடந்தால் மெழுகு இளகி மெட்டு அசைந்துவிடும், அப்புறம் சுருதி எங்கே சேரும்? ஈரத்துண்டைப் பெட்டிமேல் போட்டு, மர நிழல் பார்த்துப் பார்த்து அக்கா நடப்பார். ஆனிச் சாரலில் தென்காசிப் பக்கம் போனால் வேறு தொல்லை, ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்துவிடும். தம்பி கல்லையும் மரப் புள்ளையும் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருப்பான். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டுகிற ரவையை அந்தந்த ஊர் மளிகைக் கடையில்தான் வாங்குவது. எதற்கு இவ்வளவு கொஞ்சமாக என்று கேட்ட கடைக்காரர் ஒருவர், பதிலைக் கேட்டுவிட்டுக் கச்சேரிக்கே வந்துவிட்டார்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தீபாவளிக்கு எட்டயபுரம் போகிறோம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் தீபாவளி அன்று அங்கேதான் சமாதியானார். சமாதியில் நடக்கிற ஆராதனையைச் சொல்லவில்லை, அதன் பிறகு சாயங்காலம் ஒரு சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் மட்டும் வாசிக்கப் போகிறோம். முத்துசுவாமி தீட்சிதருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் சென்னையில் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வானாகவே இருந்தார். அவர் வழி வந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்கிற சங்கீத நூல் 1904-இல் அந்த ஊர் அச்சகத்தில்தான் வெளிவந்தது. நான் கையில் தூக்கிக்கொண்டு அலைகிற வாத்தியம் நம் சீமைக்கு வந்த கதை அந்தத் தெருக்களில்தான் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதிய நோட்டுஸ்வரங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டு. சர்ச் கொயரில் உனக்கும் எனக்கும் மேல் வரியும் கீழ் வரியும் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தப் பழக்கத்தோடு கீழ் வரியை நீ செலோவில் பிடித்தால் நான் மேலே வயலினில் வாசிக்கிறேன். சங்கராபரணத்து வெறும் சுரம்தான், கமகம் கிடையாது, குழந்தைகள் இரண்டாம் தடவையே கூடப் பாடிவிடும். செலோவை அந்த ஊரில் யாரும் நேரில் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ உட்கார்ந்து வாசிக்க ஒரு கட்டை நாற்காலிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் கோவில்பட்டியிலேயே இறங்கிவிடு, ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். தீபாவளி டிக்கெட் சீக்கிரம் போய்விடும், செலோவுக்கும் சேர்த்து இரண்டு பெர்த்தாகப் போட்டுக்கொள். ஐப்பசி மழை எந்த நேரத்திலும் வரும், உறைக்கு மேல் போட நல்ல ரெயின் கவர் இருக்கட்டும். வரும்போது வயலினுக்கு முதல் கம்பி ஒரு அரை டஜன் வாங்கி வா, இங்கே நல்லதாகக் கிடைக்கமாட்டேன் என்கிறது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்